மாற்குத் திருநாள் மொட்டு

"யோவ்! கண்ணுதான் தெரியல... வாயுமா இல்ல? அதை மெஸ்த்ரேலயே வச்சுட்டு வந்துட்டியா?"

கத்தியவள் ஒர்னெல்லா பாலரின். ஒரு கால் அவளுடைய சின்னத் துடுப்புப் படகுக்குள்ளே, இன்னொரு கால் முழங்கால் வரை கால்வாய்க்குள்ளே. மேலே மழை. எதிரே, அவள் படகை இடித்துச் சாய்த்துவிட்டு அசையாமல் நின்றது ஒரு பெரிய மோட்டார் படகு. அதன் பக்கவாட்டில் வெள்ளை எழுத்து: 'வீடு காலி செய்து, சாமான் ஏற்றித் தரப்படும். மெஸ்த்ரே.'

வெனிஸில் பிறந்த யாரும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். கால்வாய் முக்கில் திரும்பும்போது 'ஓ...ஏ...!' என்று ஒரு குரல் விட வேண்டும். அதுதான் ஹாரன். அதுதான் வணக்கம். குரல் விடாமல் திரும்புகிறவன் ஒன்று ஊமை, இல்லையென்றால் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், தரையில் கார் ஓடுகிற மெஸ்த்ரேயிலிருந்து வந்தவன்.

"குரல் குடுத்தேங்க..." என்றான் படகுக்காரன்.

"எப்போ? மனசுக்குள்ளயா?"

அவன் காது சிவந்தது. முப்பது வயது இருக்கும். மழையில் தலைமுடி நெற்றியோடு ஒட்டியிருந்தது. கண்கள்... அட, என்ன கண்கள் அவை! பச்சையா சாம்பலா என்று தீர்மானிக்க முடியாமல், மழை விழுகிற கால்வாய்த் தண்ணீர் மாதிரியே...

'இருடி. இடிச்சவன் கண்ணைப் பார்க்கிற நேரமா இது?'

அப்போதுதான் அவள் தண்ணீரைப் பார்த்தாள்.

பூ வாளிகள் நான்கும் கவிழ்ந்து கிடந்தன. சிவப்பு ரோஜா மொட்டுகள் கால்வாய் முழுக்க மிதந்தன. உப்புத் தண்ணீரும் டீசலும் பட்ட மொட்டு சாயங்காலத்துக்குள் கறுத்துவிடும்.

நாளைக்குப் புனித மாற்குத் திருநாள். அந்த நாளில் வெனிஸ் ஆண்பிள்ளை ஒவ்வொருவனும், தான் விரும்புகிறவளுக்கு ஒரே ஒரு சிவப்பு மொட்டு நீட்ட வேண்டும். விரிந்த பூ கூடாது, மொட்டுதான். காஸ்தெல்லோ பேட்டை ஆண்கள் எல்லாருக்கும் மொட்டு கொடுக்கிறவள் ஒர்னெல்லா. பாலத்தடியில் அவளுடைய பூக்கடை.

அவளுக்கு இது கடைசித் திருநாள்.

வீடு விற்றாகிவிட்டது. நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது, அப்பாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. திங்கட்கிழமை சாமான் ஏற்றப் படகு வரும். அப்பா, அம்மா, அவள்... எல்லாரும் மெஸ்த்ரேக்குப் போகிறார்கள். "தினம் ரயில்ல வந்து கடையைத் திற, யாரு வேண்டாங்கறா?" என்றார் அப்பா. காலையில் வந்து சாயங்காலம் திரும்பிப் போவதற்குப் பெயர் இங்கே வாழ்வதா? ஊரில் தனியாக ஒரு அறை எடுக்கலாம் என்றால், காலியான அறையெல்லாம் டூரிஸ்டுகளுக்குப் போய்விட்டது.

பத்திரத்தில் கையெழுத்து விழுந்த நாளிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டாள். வேலை இல்லாவிட்டாலும் துடுப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். "உனக்கென்ன கால்ல சக்கரமா?" என்று அம்மா கேட்டாள். சக்கரம் உருளவே வழியில்லாத ஊரில் இப்படி ஒரு கேள்வி!

'அழக்கூடாது... இவன் முன்னாடி அழவே கூடாது...'

அழுதுவிட்டாள்.

"ஐயோ, அழாதீங்க! வேற மொட்டு வாங்கிடலாம்..."

"எங்க? இருந்த மொட்டையெல்லாம் நேத்தே எல்லாக் கடைக்காரங்களும் அள்ளிட்டாங்க. நாளைக்கு வந்து நிக்கிறவங்களுக்கு நான் என்னத்தைக் குடுக்க? உங்க படகு எஞ்சினையா?"

அவன் மிதக்கும் மொட்டுகளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவள் படகில் துடுப்பு ஊன்றுகிற மரக்கொம்பு இரண்டாகப் பிளந்து கிடந்ததைப் பார்த்தான்.

"ரோஜா எங்கெல்லாம் இருக்குன்னு எனக்குத் தெரியும்," என்றான். "ஏறுங்க."

"மெஸ்த்ரேக்காரர் எனக்கு வெனிஸைக் காட்டப் போறீங்களா?"

"நீங்க வீட்டை முன்பக்கமா பார்த்திருப்பீங்க. நான் அலமாரியைத் தூக்கிட்டுப் பின்பக்கமா இறங்கறவன்."

ஏறினாள். படகில் கயிறும், சாமான் சுற்றும் பழைய போர்வைகளும் தவிர ஒன்றும் இல்லை. அதில் ஒரு போர்வையை எடுத்து நீட்டினான். பெயர் அல்வீசே என்றான். அவளும் ஒர்னெல்லா என்றாள். அவள் படகைப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

அடுத்த முக்கு வந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை. அவளே "ஓ...ஏ...!" என்று கத்தினாள்.

"ஏன், கத்தினா முத்து உதிர்ந்துடுமா?"

"சிரிக்கறாங்க," என்றான் மெதுவாக. "எங்க தாத்தா இந்த ஊர்தான். அறுபத்தாறாம் வருஷத்து வெள்ளத்துல வீட்டுக்குள்ள தண்ணி புகுந்ததும் கிளம்பிட்டார். நான் மெஸ்த்ரேல பொறந்தவன். நான் ஓஏன்னு கத்தினா, பாலத்து மேல நிக்கிற கிழவனெல்லாம் 'தரைக்காரன் வந்துட்டான், தரைக்காரன்'னு சிரிக்கறாங்க. அதான்..."

"அதுக்காக என் ரோஜாவை மூழ்கடிக்கணுமா?"

"தப்புதாங்க."

பட்டென்று ஒத்துக்கொண்டதில் அவளுக்குச் சண்டை போட ஆள் இல்லாமல் போய்விட்டது. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். சிரிப்பு வந்ததை அவன் பார்க்கக்கூடாதே!

பிறகு அன்று மத்தியானம் முழுக்க... அவள் பிறந்து வளர்ந்த ஊர் அவளுக்கே புதிதாக இருந்தது.

கன்னாரேஜோவில் அவள் ஆயிரம் தடவை கடந்த ஒரு செங்கல் சுவர். அதற்குக் கால்வாய்ப் பக்கம் இப்படி ஒரு கதவு இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. அல்வீசே தட்டினான். உள்ளே ஒரு மடத்துத் தோட்டம். மாதுளை மரம், கோழிகள், சுவர் நிறையச் சிவப்பு மொட்டு. "அல்வீசேயா! பியானோவைக் கீறல் விழாம இறக்கின பையன் கேட்டா இல்லைன்னா சொல்வேன்?" என்று ஒரு துறவி கத்திரிக்கோலை எடுத்து வந்தார். ஜூதேக்கா தீவில், படகுப் பட்டறைக்குப் பின்னால், ஆளில்லாத வீட்டின் முற்றத்தில் ரோஜாக் கொடி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே புகுந்திருந்தது. பக்கத்து வீட்டம்மாவிடம் கேட்டுவிட்டு இருவரும் பறித்தார்கள். மழை விட்டு விட்டுப் பெய்தது. முள் குத்தி அவள் "ஸ்ஸ்" என்றாள். அவன் சட்டென்று திரும்பினான்.

"காமிங்க."

"ஒண்ணுமில்ல."

"காமிங்கன்னா..."

காட்டினாள். அவன் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு முள்ளை எடுத்தான். எடுத்த பிறகும் விரலை விட மறந்துவிட்டான். நினைவூட்ட அவளும் மறந்துவிட்டாள்.

கடைசியாகப் போனது ஆயுதச்சாலை மதிலுக்குப் பின்னால் இருக்கும் இனேஸ் வீட்டுக்கு. இனேஸ் பள்ளிக்கூட நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். காஸ்தெல்லோவே அவளை நர்ஸம்மா என்றுதான் கூப்பிடும்.

"யாரு, பாலரின் வீட்டுப் பொண்ணா?" என்று கண்ணாடியை மூக்கில் இறக்கினாள். "உனக்கு ஊசி போட்டிருக்கேன்டி. அழவே மாட்டே. பல்லை மட்டும் நறநறன்னு கடிப்பே."

அல்வீசே சிரித்தான். ஒர்னெல்லா முறைத்தாள்.

"மொட்டை எடுத்துக்கோங்க, செடியை ஒடிக்காதீங்க. என்னால குனிஞ்சு தண்ணி ஊத்த முடியறதில்ல. மேல ஒரு மாடி சும்மாதான் கிடக்கு. சக்கரம் வச்ச பெட்டியை உருட்டிட்டு வர்ற டூரிஸ்டுக்கு மட்டும் குடுக்கவே மாட்டேன், பூட்டியே வச்சிருக்கேன்." இதைச் சொல்லிவிட்டு நர்ஸம்மா உள்ளே காபி போடப் போனாள்.

தோட்டத்தில் இருவர் மட்டும். அல்வீசே ஒரு மொட்டை நறுக்கினான். வாளியில் போடாமல், அவள் பக்கம் நீட்டினான்.

"இது நல்லா இருக்குல்ல?"

கறுஞ்சிவப்பில், மழைத்துளியோடு ஒரு மொட்டு. ஒர்னெல்லாவுக்கு நெஞ்சு ஒரு தடவை தடுமாறியது... அடுத்த நொடியே கலகலவென்று சிரித்துவிட்டாள்.

"ஐயா தரைக்காரரே! சிவப்பு மொட்டை ஒரு பொண்ணுகிட்ட இப்படி நீட்டக்கூடாது. நீட்டினா இந்த ஊர்ல அதுக்கு அர்த்தமே வேற. பாலத்து மேல எவனாவது பார்த்திருந்தா நேரா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க!"

அவன் கை பின்னால் போனது. "அப்படியா..." என்று சொல்லி, மொட்டைத் தன் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டான்.

சிரித்தாளே தவிர, அவன் கையைப் பின்னால் இழுத்தது அவளுக்கு ஏனோ சுருக்கென்றது.

'தெரியாமத்தானே நீட்டினான்? அப்புறம் என்னடி உனக்கு?'

சாயங்காலம் படகு பாலத்தடிக்கு வந்தபோது நான்கு வாளியும் நிறைந்திருந்தன. மழை நின்றிருந்தது. அவளுக்கு இறங்க மனமில்லை. அவனும் கயிற்றைக் கட்டுகிறேன் என்று அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"ஒர்னெல்லா..." என்று அவன் ஆரம்பித்தான்.

"அடடே, தம்பியா!" என்று மேலேயிருந்து ஒரு குரல். அவளுடைய அப்பா பெப்பி, கைத்தடியோடு படியில் நின்றார். "திங்கட்கிழமைன்னுல்ல பேச்சு? அதுக்குள்ள படகைக் கொண்டாந்துட்டே?"

ஒர்னெல்லா அப்பாவைப் பார்த்தாள். அல்வீசேயைப் பார்த்தாள். படகின் பக்கவாட்டு எழுத்தை, அன்று முழுக்கத் தான் உட்கார்ந்து வந்த படகின் எழுத்தைப் பார்த்தாள்.

"நீங்கதானா?" என்றாள். "எங்க வீட்டைத் தூக்கப் போறது நீங்கதானா?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. "நாலாவது மாடி பாலரின்... அவரோட பொண்ணா நீங்க? நர்ஸம்மா உங்க குடும்பப் பேரைச் சொன்னப்போகூட... இங்க பாதிப் பேர் பாலரின்தானேன்னு... சத்தியமா எனக்குத் தெரியாதுங்க."

"ஒவ்வொரு வீடா காலி பண்றீங்க. இந்தச் சந்துல ராத்திரி விளக்கு எரியற வீடு நாலுகூட இல்ல. உங்க புண்ணியம்!"

"நான் தூக்கலைன்னா இன்னொருத்தன் வந்து தூக்குவான்..."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டான்.

"இதைத்தானே எல்லாரும் சொல்றீங்க! வாங்கறவன் சொல்றான், விக்கிறவன் சொல்றான், தூக்கறவனும் சொல்றான்!"

"வித்தது நானா? உங்கப்பாகிட்ட கேளுங்க!"

அப்பா கைத்தடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒர்னெல்லா வாளிகளை இறக்கினாள். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. அவனும் எஞ்சினை முடுக்கிவிட்டான். முக்குத் திரும்பும்போது இந்தத் தடவையும் குரல் வரவில்லை. வருமென்று காத்திருந்த தன் காதைத்தான் அவள் திட்டிக்கொண்டாள்.

விடிந்தது. திருநாள்.

கூட்டமெல்லாம் பெரிய சதுக்கத்தில். பாலத்தடிக்கு வந்தவர்கள் எல்லாம் அந்தப் பக்கத்து ஆட்கள்தான். மாவு படிந்த கையோடு ரொட்டிக் கடைக்காரர் வந்தார். மீன்காரர் இரண்டு மொட்டு கேட்டு, "ஒண்ணு மாமியாருக்கும்மா, தப்பா நினைக்காதே," என்றார். நாற்பது வருஷமாக ஒரே பெண்ணுக்கு மொட்டு வாங்குகிற மனிதர், "இந்த வருஷமும் அவளேதான்," என்று அலுத்துக்கொண்டே நல்லதாகப் பொறுக்கினார். எல்லாரிடமும் ஒர்னெல்லா சிரித்தாள். இதுதான் கடைசி என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஒவ்வொரு படகுச் சத்தத்துக்கும் தலை தானாக நிமிர்ந்தது. காய்கறிப் படகு. குப்பைப் படகு. போலீஸ் படகு. வாளியை இடம் மாற்றி வைத்தாள். மறுபடி பழைய இடத்திலேயே வைத்தாள். கடையைப் பெருக்கினாள். பெருக்கிய இடத்தையே பெருக்கினாள்.

"நில்லேன்டி ஒரு இடத்துல!" என்றார் அப்பா. கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, அம்மா கொடுத்தனுப்பிய திருநாள் பட்டாணிச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மத்தியானம் தாண்டியதும் வாளிகள் காலி. ஒரு மொட்டுகூட மிச்சமில்லை. தனக்கென்று ஒன்று எடுத்து வைத்துக்கொள்ள எந்த வருஷமும் அவளுக்குத் தோன்றியதில்லை. மாற்குத் திருநாளில் தனக்குத்தானே மொட்டு வைத்துக்கொள்கிறவளைவிடப் பாவம் இந்த ஊரில் யார்? ஊருக்கெல்லாம் மொட்டு எடுத்துக் கொடுத்த கை வெறுங்கையாக இருந்தது. அது இந்த வருஷம்தான் அவளுக்கு உறைத்தது.

'சரி. திங்கட்கிழமை வருவான். அலமாரியைத் தூக்குவான். அவ்வளவுதான்...'

அப்போது...

"ஓ...ஏ...!"

முக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். கரகரத்து, நடுவில் உடைந்து, இழுக்க வேண்டிய இடத்தில் இழுக்காமல், இழுக்கக்கூடாத இடத்தில் இழுத்து... சுத்தத் தரைக்காரக் குரல். பாலத்தின் மேல் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

"ஓ...ஏ...!" மறுபடியும், இன்னும் சத்தமாக.

ஒர்னெல்லாவின் கையிலிருந்து துடைப்பம் விழுந்தது.

அல்வீசே வந்தான். முகம் காதுவரை சிவந்திருந்தது. கரையில் கால் வைத்ததும் முதலில் ஒரு புது மரக்கொம்பை எடுத்து வைத்தான். அவளுடைய படகுக்கு அச்சாகப் பொருந்துகிற கொம்பு.

"எதுக்கு வந்தீங்க?" என்றாள். கோபமாகச் சொல்ல நினைத்தது வேறு மாதிரி வந்தது. "திங்கட்கிழமை இன்னும் வரலையே."

"திங்கட்கிழமையைப் பத்தித்தான் பேச வந்தேன்." எச்சில் விழுங்கினான். "என் படகு இந்த ஊரை விட்டுப் போறப்போ நிறைஞ்சு போகும். திரும்பி வர்றப்போ காலியா வரும். இத்தனை வருஷமா இப்படித்தான். நேத்து நீங்க திட்டினப்போ கோபம் வந்துச்சு. அப்புறம் காலிப் படகோட வீட்டுக்குப் போனேன்... தூக்கம் வரலை. திங்கட்கிழமை உங்க வீட்டுச் சாமானை ஒரு கீறல் விழாம கொண்டு போய் இறக்கறேன். அதை நிறுத்த என்னால முடியாது. ஆனா திரும்பி வர்றப்போ... அன்னிக்கு என் படகு காலியா வரவேண்டாம். நீ வரணும்."

'நீ' என்றுவிட்டான். அவள் கவனித்தாள். அவன் கவனிக்கவில்லை.

"வந்து? எங்க இருக்கறது? உன் படகுலயா?"

"நர்ஸம்மா வீட்டு மாடியில. விடிஞ்சதும் போய்க் கேட்டுட்டேன். எனக்கில்ல, உனக்கு. 'பல்லைக் கடிக்கிற பொண்ணுதானே, செடியை வாட விட மாட்டா, வரச் சொல்லு'ன்னாங்க." அவன் அவசரமாகச் சேர்த்துக்கொண்டான். "என்னைப் பிடிக்கலைன்னாலும் அந்த மாடி உனக்குத்தான். அது வேற... இது வேற."

"எது?"

அவன் சட்டைப் பைக்குள் கை விட்டான். கறுஞ்சிவப்பு மொட்டு. காம்பில் ஈரத்துணி சுற்றியிருந்தது. இன்னும் விரியவில்லை. பாலத்தின் மேல் இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை, எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒர்னெல்லா மொட்டையே பார்த்தாள். "இதைச் சும்மா நீட்டக்கூடாதுன்னு நேத்தே சொன்னேனே..."

"நேத்தும் சும்மா நீட்டல."

"என்னது?"

"மெஸ்த்ரே என்ன செவ்வாய்க் கிரகமா? எங்கப்பா வருஷா வருஷம் எங்கம்மாவுக்கு நீட்டறதைப் பார்த்து வளர்ந்தவன் நான். தெரிஞ்சுதான் நீட்டினேன், ஒர்னெல்லா. நீ சிரிச்சே... பயந்துட்டேன்."

கரண்டி தட்டில் விழுகிற சத்தம் கேட்டது.

"இருங்கடா, இருங்க!" பெப்பி எழுந்துவிட்டார். "என் பொண்ணை மெஸ்த்ரேக்காரனுக்கா? பாலரின் குடும்பத்துல இதுவரைக்கும் ஒரு மெஸ்த்ரேக்காரன்..."

"அப்பா," என்றாள் ஒர்னெல்லா, கண்ணை மொட்டிலிருந்து எடுக்காமல், "திங்கட்கிழமை மத்தியானத்துலேர்ந்து நீயும் மெஸ்த்ரேக்காரன்தான்."

பெப்பி கரண்டியைத் தட்டிலிருந்து எடுத்தார். "பட்டாணி ஆறிப்போச்சு," என்று முணுமுணுத்துவிட்டு, மறுபடி வாளியில் உட்கார்ந்து, நாசூக்காக முதுகைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

அவள் மொட்டை வாங்கினாள். முள் இருந்தது. குத்தட்டும் என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பிடிக்கலைன்னு நான் எப்போ சொன்னேன்?" என்றாள். "காலையிலேர்ந்து அந்த முக்கையே பார்த்துட்டு நிக்கறேன், மடையா. குப்பைப் படகு வந்தாக்கூட நீதானோன்னு பார்த்தேன். பிடிச்சிருக்கு. போதுமா? ரொம்பப் பிடிச்சிருக்கு..."

அவன் கண்கள் நிறைந்தன. பச்சையா சாம்பலா என்று இப்போது கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

காலியான அவனுடைய படகின் விளிம்பில் ஒர்னெல்லா உட்கார்ந்தாள். கையெழுத்து விழுந்த நாளிலிருந்து அவள் கால்கள் அப்படி அமைதியாக ஓய்ந்ததே இல்லை. பக்கத்தில் அவனுக்கும் கொஞ்சம் இடம் விட்டாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லிடறேன்," என்றாள். "திங்கட்கிழமை திரும்பி வர்றப்போ முக்குல நீ கத்தாதே. சகிக்கல... நான் கத்தறேன்."